அக்கா காலியாக விட்ட கட்டம்

எங்கள் அக்கா இல்லாமல் ஓர் ஆண்டு கழிந்துவிட்டது. அவர் வீட்டிலிருந்தபடி என்ன வேலை செய்தார் என்பது உறவினர் பலருக்கும் கடைசிவரை விளங்கவில்லை. அதை எழுதிவைப்பது தங்கையான என் கடமை.

கச்சிராயபாளையத்தில், கரும்பு பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். புதுச்சேரியில் கல்லூரியில் படித்தபோது பிரெஞ்சு கற்று, அந்த ருசியில் இத்தாலியனும் கற்றார். சிறுநீரகம் பழுதாகி ஊர் திரும்பிய பிறகு அந்த மொழிதான் அவருக்குத் துணை. கருவிகளின் திரையில் வரும் ஆங்கிலச் சொற்களை இத்தாலியனில் மாற்றித் தருவார். இத்தாலியில் இருக்கும் ஓர் அம்மையார் அதைச் சரிபார்ப்பார். கல்வராயன் மலையில் மழை பிடித்தால் எங்களுக்கு நெட் போய்விடும். டவுன் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சி போய் அனுப்பிவிட்டு வருவார்.

“இத்தாலிக்கு எப்பதான் போவப் போற?” என்று பெரியம்மா கல்யாண வீடுகளில் கிண்டல் செய்வார்.

“நான் போயிட்டா நீங்க யார வம்புக்கு இழுப்பீங்க பெரிம்மா?” என்பார் அக்கா.

ஒருமுறை, புண்ணில் ஊறும் நீரை உறிஞ்சும் மருத்துவக் கருவி ஒன்றின் சொற்கள் வந்தன. அந்தப் பட்டியலின் கட்டம் ஒன்றில் ‘டிஸ்சார்ஜ்’ என்று மட்டும் இருந்தது. இத்தாலியனில், நோயாளி வீடு திரும்புவது ‘டிமிஸ்ஸியோனே’, புண்ணில் வடிவது ‘செக்ரெட்ஸியோனே’, பேட்டரி தீர்வது ‘ஸ்காரிக்கா’. இதில் எது என்று வேலை கொடுத்த அலுவலகத்தைக் கேட்டார். ஏதாவது ஒன்றைப் போட்டு மாலைக்குள் அனுப்பும்படி பதில் வந்தது. அந்த வேலையும் போய்விட்டால் அவருக்கு டயாலிசிஸ் மட்டுமே மிஞ்சும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மென்பொருள் வேலையில் இருக்கும் நானும் அதையே சொன்னேன். “போட்டு அனுப்பிடுக்கா. தப்புன்னா அப்பறம் மாத்திக்கலாம்.”

“நீ மாத்தறதுக்குள்ள யாரு ஒடம்புல அது ஓடிக்கினு இருக்குமோ.”

அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, கேள்வியை மட்டும் எழுதி அனுப்பினார். வேலை வேறொருவருக்குப் போனது. பிறகு அந்த அலுவலகம் அவரைக் கூப்பிடவே இல்லை. காலையில் மடிக்கணினியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவார். உடம்பு படுத்தியபோதெல்லாம் காணாத வாட்டத்தை அப்போதுதான் அவர் முகத்தில் கண்டோம்.

சில வாரங்கள் கழித்து, அக்காவின் கேள்வியைப் பார்த்திருந்த இத்தாலிய அம்மையார் கருவி செய்பவர்களிடமே விசாரித்துத் திரையின் படத்தை அனுப்பினார். அது பேட்டரி பற்றியது. அக்கா உடனே சரியான சொல்லை அந்த அலுவலகத்துக்கு எழுதினார்.

“வேலைய புடுங்கிக்கினாங்க, அவங்களுக்கே செஞ்சி குடுக்கறியே” என்றார் அம்மா.

“அவங்களுக்கா செய்யறேன்? படுத்துக்கினு இருக்கறவங்களுக்குத்தாம்மா.”

அன்று மத்தியானம், வெகுநாளைக்குப் பிறகு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மருத்துவமனைக்குக் கார் ஓட்டிய சித்தப்பாவுக்கும், கடைசி நாள்களில் அக்கா கேட்டதற்கெல்லாம் சலிக்காமல் விளக்கம் சொன்ன செவிலியர்களுக்கும், அம்மாவைத் தனியே விடாத பெரியம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த இத்தாலிய அம்மையாருக்கும் நன்றி. இந்த நினைவு மலரைத் தமிழிலேயே அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத் தெரிந்துகொள்வாராம். பதில் சொல்ல நான் இருக்கிறேன்.