பதினெட்டாவது மகள்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ஊசியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. ஊசியம்மாவின் கை நடுங்கினால் பூமி ஆடுகிறது என்று அர்த்தம், வெளியே ஓடிவிடுங்கள் என்று புதிதாய்ச் சேருகிறவர்களிடம் சொல்லிவைப்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒருமுறை ஓடினார்கள். அன்று நிஜமாகவே பூமி ஆடியது.

அவள் வேலை ஈஸ்ட்டோடு. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் அதே ஈஸ்ட்தான். நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டி உருண்டை. பக்கவாட்டில் மொட்டு விட்டு ஒரு மகளைப் பெறும். மகள் பிரிந்ததும் ஊசியம்மா முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அவளை ஓரங்கட்டிவிட்டு, தாயின் கணக்கில் ஒரு கோடு போடுவாள். இருபது, இருபத்தைந்து பெற்றதும் தாய் ஓய்ந்துவிடும்.

பேராசிரியருக்கு மைட்டோகாண்ட்ரியா பைத்தியம். செல்லுக்குள் அடுப்பு மாதிரி இருந்து தெம்பு கொடுப்பவை அவை. மொட்டு விடும்போது தாய் நன்றாக எரிகிற அடுப்புகளை மகளுக்கு நகர்த்திவிட்டு, புகைகிறவற்றைத் தன்னிடமே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் தாய் கிழடாகிறது, மகள் இளசாய்ப் பிறக்கிறது என்று அவர் முதன்முதலில் விளக்கியபோது, “பொறுப்பான பொம்பளை சார்” என்று ஊசியம்மா சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இப்போது வருவதில்லை.

அவளுக்கு ஒரே மகள், தையற்கடை வைத்திருப்பவள். இரண்டு வருடமாக அவள் இமைகள் தாமாகவே இறங்கின. நாலு படி ஏறினால் கால் கெஞ்சியது. வாடிக்கையாளர் வந்தால் விரலால் ஓர் இமையைத் தூக்கிப் பிடித்து, “கடை திறந்தாச்சு, சொல்லுங்க” என்பாள். மருத்துவர் தாய், மகள் இருவர் ரத்தத்தையும் சோதித்தார். முடிவை வாங்கப் போனது தாய் மட்டும். மைட்டோகாண்ட்ரியாவில் பழுது, அம்மா வழியாக மட்டுமே இறங்குவது, மகள் பிள்ளை பெற்றால் அதற்கும் இறங்கலாம் என்றார் மருத்துவர். தாயிடம் இடது காது மந்தத்தோடு நின்றுபோன பழுது, மகளை ஒட்டுமொத்தமாகப் பிடித்துக்கொண்டது. ஊசியம்மா தாளை அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகிவிட்டு, “ரத்தம் கம்மியாம், கீரை சாப்பிடு” என்று சொல்லிவிட்டாள்.

போன மாதம் மகள் போன் செய்தாள். அவளும் புருஷனும் குழந்தை பெற்றுக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டார்களாம். ஊசியம்மா மந்தக் காதில் போனை மாற்றிவைத்துக்கொண்டு சரி, சரி என்றாள்.

மறுநாள்தான் ஆய்வுக்கூடத்தில் அந்தத் தப்பு நடந்தது. வயதான தாய்க்குப் பிறக்கும் மகள் பிறக்கும்போதே தாயளவு இருக்கும். கண் அசந்தால் யார் யாரென்று தெரியாது. ஊசியம்மாவின் கண் அசந்தது. பதினெட்டாவது பேற்றில் தாயை ஓரங்கட்டிவிட்டு மகளை வைத்துக்கொண்டாள். இரண்டு நாளில் அவளுக்கே புரிந்துவிட்டது. வாய் திறக்கவில்லை. கோடுகள் முப்பதைத் தாண்டின, நாற்பதைத் தாண்டின. பேராசிரியர் தரையில் கால் பாவாமல் நடந்தார். இப்படியொரு தாயை உலகம் பார்த்ததில்லை என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

அவர் மேசைக்கு எதிரே போய் நின்றாள்.

“அது தாய் இல்ல சார். பதினெட்டாவது மக. தாயைத் தூக்கிப் போட்டது நான்தான்.”

அவர் பேனாவை மூடிவைத்தார். “நீங்க சொல்லலன்னா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே” என்றார்.

“அதான் சார் பயமா இருந்துச்சு.”

அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். துணிகளுக்கு அடியிலிருந்த தாளை எடுத்துக்கொண்டு தையற்கடைக்கு நடந்தாள். மகள் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். ஊசியம்மா மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்: பழுது, அது வந்த வழி, போகப்போகிற வழி, கீரைப் பொய். மகள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“உன் ஈஸ்ட்டு கெட்டதைத் தானே வெச்சுக்கும்னு ஊரெல்லாம் பெருமையடிச்சியேம்மா. நீயும் வெச்சிருக்கக் கூடாதா?”

“முடிஞ்சிருந்தா வெச்சிருக்க மாட்டனாடி.”

மகள் விரலால் இமையைத் தூக்கித் தாயைப் பார்த்தாள். கடை திறந்தாச்சு என்று சொல்லவில்லை.

“வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். குழந்தைப் பேச்சை இனிமே நீ எடுக்காதே” என்றாள். பிறகு விரலை எடுத்துவிட்டாள். இமை இறங்கியது. கை மட்டும் அடுத்த பொத்தானைத் தடவித் தேடிக்கொண்டிருந்தது. ஊசியம்மா அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். இந்தத் தடவை கை நடுங்கியது. யாரும் வெளியே ஓடவில்லை.