உதடு நீலமான சாயங்காலம்

அக்காவின் இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. எனக்கு எல்லாமே சரியாக இருந்தது. எங்கள் வீட்டில் எனக்கு நேர்ந்த அநியாயம் இவ்வளவுதான். வாங்கிவருகிற ஆப்பிள் அவளுக்கு, டிவி பார்க்கும்போது அம்மாவின் மடி அவளுக்கு, மாதம் ஒருமுறை திண்டுக்கல்லிலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட்டும் அவளுக்கு. எனக்கு ஒன்பது வயது. பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன்.

டிவியில் அப்போது ஓர் ஆஸ்பத்திரி சீரியல் ஓடியது. வாரத்துக்கு ஒரு நோய். கிட்னி போனவர்களும் மூளையில் கட்டி வந்தவர்களும் கலையாத பவுடரோடு படுத்திருப்பார்கள். ஒரு வாரம் இதய நோயாளியாக ஒரு சிறுமி வந்தாள். உதடு நீலமாகி அவள் சாய்ந்ததும் மொத்த ஆஸ்பத்திரியும் ஓடி வந்தது. என் அக்காவுக்கோ மாடி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இப்பேர்ப்பட்ட நோயை வைத்துக்கொண்டு பிழைக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருப் பள்ளிவாசலில் சாயங்கால மஃரிப் தொழுகை முடிந்து வருகிறவர்கள், வாசலில் நிற்கும் நோயாளிப் பிள்ளைகளின் முகத்தில் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். அம்மா தினமும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நிற்பாள். நானும் பின்னாலேயே போவேன். ஒருநாள் கிளம்புவதற்கு முன், தள்ளுவண்டியில் வாங்கிய நாவல்பழத்தை உதட்டில் நன்றாகத் தேய்த்துக்கொண்டேன். ஆட்கள் வெளியே வரத் தொடங்கியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சீரியலில் பார்த்தபடியே மெதுவாகச் சரிந்தேன்.

அம்மா அக்காவின் கையை உதறிவிட்டு என்னை வாரி எடுத்தாள்.

“யா அல்லா, இதுக்குமா?”

அவள் உடம்பு நடுங்குவது எனக்குத் தெரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

அக்காதான் குனிந்து துப்பட்டாவால் என் உதட்டைத் துடைத்தாள். முகர்ந்து பார்த்தாள்.

“நாவப்பழம்மா,” என்றாள்.

முதுகில் நாலு விழும் என்று காத்திருந்தேன். அம்மா அடிக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து என்னை இறுக்கிக்கொண்டாள். பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று விசாரித்த ஒவ்வொருவரிடமும், அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்:

“இவளுக்கு ஒண்ணும் இல்லண்ணே. இவ நல்லா இருக்கா.”

ஊரெல்லாம் சொல்லி என் மானத்தை வாங்குகிறாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. கறை படிந்த துப்பட்டாவோடு அக்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அம்மா ஒவ்வொருவரிடமும் சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பொறாமைப்பட நியாயம் இருந்தது அவளுக்குத்தான் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.