மிஷின் உறைந்த காலை

காலையில் எழுந்ததும் தையல் மிஷினின் சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்ப்பது என் வழக்கம். அது சுற்றினால்தான் எனக்குத் தேத்தண்ணீர் தொண்டையில் இறங்கும். அந்த மார்கழிச் சனிக்கிழமை அது சுற்றவில்லை.

நூல் சிக்கியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பாபினைக் கழற்றினேன், ஊசியைக் கழற்றினேன், பெல்ட்டையும் கழற்றிவிட்டு இரண்டு கைகளாலும் சக்கரத்தைப் பிடித்துத் திருகினேன். ம்ஹூம். அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. நானுஓயாவில் பஸ் ஏறிவிட்டதாக அண்ணி சொன்னார். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. அவருடைய மகளுக்குத் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. வெள்ளைச் சீருடையை மத்தியானத்துக்குள் தைத்துத் தருவதாக நான்தான் பெரிய வாயாகச் சொல்லியிருந்தேன்.

சீருடை பெரிய விஷயமில்லை, எங்கள் கந்தப்பளையில் தையல்காரருக்கா பஞ்சம். பயமெல்லாம் மிஷினைப் பற்றித்தான். அது என் மாமியாருடையது. கண்ணை மூடுவதற்குச் சில நாள் முன்பு, பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, "மிஷினு ஓட்டுறவ கையில இருக்கட்டும்" என்றார். வீட்டில் தைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அதனால் எனக்கு வந்தது. அண்ணி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் தேயிலைக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பதே இந்த மிஷினால்தான். சுற்றியுள்ள தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலிருந்து ரவிக்கை, சீருடை, தலையணை உறை என்று ஏதாவது வந்துகொண்டே இருக்கும். மிஷின் ஓடவில்லை என்று அண்ணிக்குத் தெரிந்தால், 'ஓட்டுறவ' என்று மாமியார் சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே தூக்கிக்கொண்டு போய்விடலாம். அப்புறம் நான் முதுகில் கூடையைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"ஏங்க, நேத்து யாரு இதத் தொட்டது?" என்று கணவரைப் பிடித்தேன்.

"உன் மிஷின யாரு தொடுவா? தொட்டவன் கையோட திரும்ப முடியுமா?"

"உருளக்கிழங்கு மூட்டைய அதுமேல சாச்சது யாரு?"

"ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்" என்றவர், குல்லாவை மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் நழுவிவிட்டார். நான் குட்டி போட்ட பூனையாக வாசலுக்கும் மிஷினுக்கும் நடந்தேன். இடையில் தலைவார உட்கார்ந்தால், தேங்காய் எண்ணெய் போத்தலில் கட்டியாக உறைந்திருந்தது. வழக்கம்போல அதை அடுப்போரம் வைத்து உருக்கி, தலையில் தடவிக்கொண்டு, மறுபடியும் போய்ச் சக்கரத்தைத் திருகினேன்.

இத்தனைக்கும் அந்த மிஷினை நான் பார்த்துக்கொண்டது போல யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மாமியார் காலம் முழுக்க லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவில், அடுப்பை ஒட்டிப் புகை மண்டிக் கிடந்தது. தனிவீடு கிடைத்து நாங்கள் மாறி வந்து இதுதான் முதல் மார்கழி. வந்ததும் கரியெல்லாம் போகத் துடைத்து, ரோட்டில் போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று முன் ஜன்னலோரம் வைத்தேன். அண்ணி வருகிறாரே என்று முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஓட்டை விடாமல் எண்ணெயும் ஊற்றியிருந்தேன்.

அண்ணி பையோடு வந்து நின்றார். "ஊசி ஒடஞ்சிருச்சு அண்ணி, அவரு வாங்கப் போயிருக்காரு" என்று கூசாமல் புளுகினேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மிஷினிடம் போனார். எண்ணெய் ஓட்டையில் சுண்டுவிரலை விட்டு எடுத்து, மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தலைக்கு வக்கிற எண்ணெதானே?"

"அத்தை காலத்துலயும் அதுதானே அண்ணி."

"அம்மா எதுக்கு இத அடுப்புக்கிட்ட வச்சிருந்துச்சுன்னு நெனச்ச? எடம் இல்லாமலா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு முன்தான் குளிரில் கட்டியான அதே எண்ணெயை உருக்கித் தலையில் தேய்த்தவள் நான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மிஷினைப் பின்பக்க விறகடுப்பு ஓரம் கொண்டுபோய் வைத்தோம். இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அடியில் எண்ணெய் சொட்டத் தொடங்கியது. அண்ணி சக்கரத்தைத் தொட்டார். சுற்றியது.

எனக்கு உயிர் வந்தது. பாபினையும் பெல்ட்டையும் ஊசியையும் மாட்டி நூலைக் கோத்தேன். துணியை எடுத்துத் திரும்புவதற்குள் அண்ணி என் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வந்த உயிர் மறுபடி போனது.

"எழும்புங்க அண்ணி, நான் தைக்கிறேன். வெள்ளத் துணி, கை பட்டா…"

அவர் இரண்டு கைகளையும் விரித்து என் முன்னால் நீட்டினார். விரல் ரேகையெல்லாம் கொழுந்துக் கறை கறுப்பாக ஓடியிருந்தது.

"கழுவிட்டேன் புள்ள. இது போகாது." பிறகு, "அம்மாவும் இதேதான் சொல்லும். தோட்டத்துல பேரு பதிஞ்சு கொழுந்து பறிக்க மலைக்குப் போனதுக்கப்புறம் ஒரு நாள் மிஷின்ல ஒக்கார விடல. எண்ணெ விடுறது மட்டும் என் வேல" என்றார்.

வெட்கமாக இருந்தது. மாமியார் மீது கோபம் வந்தது, என் மீது அதைவிட. துணியை ஊசிக்கடியில் வைத்து, "மெதுவா மிதிங்க" என்றேன். சக்கரம் பின்பக்கம் ஓடி இரண்டு தரம் நூல் அறுந்தது. மூன்றாவது தரம் ஒரு பக்கத் தையலை முழுதாக முடித்தார். துணியில் ஒரு பொட்டுக் கறை இல்லை. தையல்தான் வளைந்து வளைந்து போயிருந்தது. மிச்சத்தை நான் தைத்தேன். அந்தப் பக்கத்தைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் ஏறும்போது அண்ணி என் கையைப் பிடித்தார். "மிஷின நான் கேக்க மாட்டேன் புள்ள. நீ பயப்படாத" என்றார்.

இப்போது கடையில் மிஷின் எண்ணெய் வாங்கித்தான் விடுகிறேன். மிஷின் அடுப்போரமே இருக்கிறது. காலையில் தொட்டால் சக்கரம் நன்றாகச் சுற்றுகிறது. அண்ணி விரித்து நீட்டிய கைகள் நினைவுக்கு வந்து, தேத்தண்ணீர்தான் இறங்க மாட்டேன் என்கிறது.