கட்டையனை விசாரித்த கதை

முட்டாள்களில் பல வகை உண்டு. அமெரிக்காவில் பந்தெறிகிற ஒரு வெள்ளைக்காரப் பொடியனுக்குக் குடி, சிகரெட் ஏதும் உண்டா என்று ஜெர்மனியிலிருந்து போன் எடுத்து விசாரித்த வகையில், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் அறியத் தாருங்கள், ஒரு சங்கம் அமைக்கலாம். தலைவர் பதவியை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

நான் கெல்சென்கிர்ச்சனில் பஸ் ஓட்டுகிறேன். எங்கள் ஊரில் பந்து என்றால் அது காலால் உதைப்பதற்கானது. திங்கட்கிழமை காலையில் டிப்போவில் எல்லோரும் இழவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள்போல நின்றால், வார இறுதியில் ஊர் அணி தோற்றுவிட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஊரில், முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, ஆளையாள் இடித்து விழுத்துகிற அமெரிக்கன் ஃபுட்போலைப் பார்க்கிற ஒரே சாரதி நான். அந்த விளையாட்டின் மேலுள்ள ஆசையால் அல்ல. மகளால்.

மகள் மியூனிக்குக்குப் பக்கத்தில், கார்ஹிங்கில் மாஸ்டர் படிக்கிறாள். அவள் வீட்டை விட்டுப் போன புதிதில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

“சாப்பிட்டியோ?”

“ஓம்.”

“அங்க குளிரோ?”

“ஓம்.”

“சரி பிள்ளை.”

“ஓம் அப்பா, வைக்கிறன்.”

பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவர்கள்கூட என்னோடு இதைவிட நீளமாகக் கதைத்திருக்கிறார்கள்.

பிறகொருநாள், பல்கலைக்கழகத்தில் கொடி பறிக்கிற ஃபுட்போல் விளையாடப் போகிறேன் என்று தற்செயலாகச் சொன்னாள். அதில் ஆளை விழுத்தத் தேவையில்லையாம், இடுப்பில் தொங்குகிற துணிப்பட்டியைப் பறித்தால் போதுமாம். அதோடு அமெரிக்காவில் ஓர் அணியை விடாமல் பார்க்கிறாள் என்பதும் தெரியவந்தது. எனக்கு ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. அன்று இரவே விதிகளைப் படிக்கத் தொடங்கினேன். சாரதி அனுமதிப் பத்திரத்துக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. சில வாரம் கழித்து, சும்மா சொல்வதுபோலச் சொன்னேன்:

“உங்கட ஆக்கள் நாலாந்தரம் பந்தை உதைச்சுக் குடுத்தது பிழை. ஓடியிருக்க வேணும்.”

“அப்பா?” என்றாள், யாரோ திருடன் என் போனை எடுத்துக் கதைக்கிறான் என்று நினைத்தவள்போல. அன்றைக்குச் சோறு ஆறும் வரை கதைத்தோம். அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் எனக்கு அதுதான்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வருடம், ரொறன்ரோவில் ஒரு எஞ்சினியர் மாப்பிள்ளை இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, மனைவியும் நானும் மகளுக்குத் தெரியாமல் நாலு இடத்தில் விசாரித்தோம். எங்கள் சனத்தில் கலியாணப் பேச்சு அப்படித்தான் தொடங்கும். பொடியன் இருக்கிற ஊரில் நமக்கு யார் சொந்தம் என்று தேடிப்பிடித்து, போன் எடுத்து, குடி உண்டா, கோபம் வருமா, தாய் எப்படி என்று மெல்லக் கேட்பது. கட்டப்போகிறவர்களுக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். மகளுக்கு நடுவிலேயே தெரிந்துவிட்டது. அவள் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“படிப்பு முடியுமட்டும் ஒருத்தரையும் எனக்கெண்டு விசாரிக்கக் கூடாது,” என்று அமைதியாகச் சொன்னாள். “விசாரிச்சீங்களெண்டா, ஞாயிற்றுக்கிழமை போன் இல்லை.”

“சத்தியமாய் இனி இல்லைப் பிள்ளை,” என்றேன். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தேன். அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிய கவலை.

இந்த வசந்தத்தில் டிராஃப்ட் நெருங்கியது. கல்லூரிகளில் விளையாடி முடித்த பொடியன்களைத் தொழில்முறை அணிகள் வரிசையில் நின்று தெரிவுசெய்கிற நாள் அது. போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு. தோற்பதில் எங்கள் அணியை அடிக்க ஆளில்லை என்பதால் முதல் தெரிவு எங்களுக்குத்தான். தேவைப்பட்டது ஒரு குவாட்டர்பேக். ஒவ்வொரு தரமும் பந்து அவன் கைக்குத்தான் முதலில் வரும். எதிரணித் தடியன்கள் பாய்ந்து வந்து விழுவதற்குள் யாருக்கு எறிவது என்று அவன்தான் முடிவெடுக்க வேண்டும். அவன் சரியில்லை என்றால் மிச்சப் பேர் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தும் பிரயோசனமில்லை.

இரண்டு பொடியன்கள் பேசப்பட்டார்கள். பெயர்கள் என் வாய்க்குள் நுழைய மறுத்ததால் ஒருவனை நெட்டையன் என்றும் மற்றவனைக் கட்டையன் என்றும் நாங்கள் வைத்துக்கொண்டோம். நான் நெட்டையன் கட்சி. மகள் கட்டையன் கட்சி.

“நெட்டையனைப் பார் பிள்ளை. உயரம். நல்ல கை. தகப்பனும் விளையாடினவர். ஒரே கல்லூரியில ஒழுங்காய் இருந்து முடிச்சவன்.”

“அப்பா, பந்தெறியவோ எடுக்கிறம், கலியாணத்துக்கோ?”

“எதுக்கெண்டாலும் உயரம் வேணும். முன்னுக்கு நிக்கிற தடியங்களுக்கு மேலால அவனுக்குத் தெரியும். கட்டையனுக்கு அவங்கட முதுகுதான் தெரியும்.”

“கட்டையன் பாத்து எறியிறேல்லை. ஆள் எங்க போய் நிப்பானெண்டு முதலே யோசிச்சு எறியிறான். நெட்டையனுக்குக் கிட்ட ஆள் வந்தா காலும் கையும் உதறும்.”

“கட்டையன் மூண்டு கல்லூரி மாறினவன். நிண்ட இடத்தில நிக்கத் தெரியாதவனை நம்பி ஒரு அணியைக் குடுக்கேலாது.”

வென்றுவிட்டேன் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினேன்.

“நீங்கள் ஜெர்மனிக்கு வந்து எத்தினை வேலை மாறினீங்கள்?” என்று கேட்டாள்.

நெஞ்சு பழைய இடத்துக்கு வந்தது. பீட்சாக் கடை, பூந்தோட்டம், சாமான் ஏற்றுகிற இடம் என்று எண்ணத் தொடங்கி, பிறகு வேண்டாம் என்று விட்டேன்.

அடுத்த ஞாயிறு எப்படியாவது வெல்ல வேண்டும் என்ற விசரில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. கட்டையன் படிக்கிற ஊரில் எனக்கு ஒன்றுவிட்ட அண்ணை ஒருவர் கடை வைத்திருக்கிறார். கிரிக்கெட்டைத் தவிர வேறெதையும் விளையாட்டாக மதிக்காதவர். பத்திரிகையில் வராத உண்மை உள்ளூர்க்காரருக்குத் தெரிந்திருக்கும் அல்லவா? எடுத்தேன் போனை.

“அண்ணை, உங்கட பக்கத்துப் பொடியன் ஒருத்தனைப் பற்றி ஒருக்கா விசாரிக்க வேணும்.”

அண்ணையின் குரல் உடனே இறங்கியது. “விளங்குது தம்பி. ஆரிட்டையும் மூச்சு விடமாட்டன். ஆர் ஆள்?”

கல்லூரியின் பெயரையும் கட்டையனின் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.

“வெள்ளையோ?”

“ஓம் அண்ணை.”

“ம்...” என்றார். “காலம் மாறிப்போச்சு.”

பொதுவாக உலகத்தைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் வயதில் எல்லோரும் அப்படிச் சொல்வார்கள்.

“குடி இருக்கோ, கோவம் வருமோ, ஏன் கல்லூரி மாறினவனெண்டு பாக்கவேணும். பந்து விளையாடுறவன் அண்ணை, அதால தோளையும் ஒருக்கா விசாரியுங்கோ. தோள் முக்கியம்.”

“தோளோ?”

“ஓம். தோள் போனா எல்லாம் போச்சு.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அதுவும் சரிதான்,” என்றார்.

“உண்மையில எனக்கு இன்னொரு பொடியனிலதான் கண் அண்ணை. ஆனா மகள் இவன்தான் வேணுமெண்டு நிக்கிறாள்.”

அண்ணை நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். “பிள்ளையின்ர விருப்பத்துக்குக் குறுக்க நிக்காதை தம்பி,” என்றார். விளையாட்டில் இவ்வளவு அக்கறை உள்ள மனிதரை இத்தனை நாள் தவறாக எடைபோட்டுவிட்டேனே என்று வெட்கப்பட்டேன்.

சில நாளில் அவரே எடுத்தார். குடி இல்லை. தாய் ரீச்சர். மரியாதையான பொடியன். தோளைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை. இதற்காக மனிதர் கடையை மூடிவிட்டுப் போய் விசாரித்திருக்கிறார். நான் உருகிப்போனேன்.

அண்ணை சொன்ன சொல் தவறாதவர். மூச்சு விடவில்லை, தன் மனைவியிடம் தவிர. அவர் மனைவியும் மூச்சு விடவில்லை, ரொறன்ரோவிலுள்ள தங்கையிடம் தவிர. அதற்குப் பிறகு யார் யாரைத் தவிர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த வாரம் முடிவதற்குள் பாரிஸிலிருந்து மனைவியின் தங்கை எடுத்து, “அக்கா, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே,” என்று அழுதிருக்கிறாள். மனைவி போனும் கையுமாகக் குசினிக்குள் வந்தாள்.

“இஞ்சாருங்கோ, ஆர் அந்த அமெரிக்கன்?”

“எந்த அமெரிக்கன்?”

“தோள் நல்லாயிருக்கிற அமெரிக்கன்.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் சனத்தில் பெண் பிள்ளையைப் பெற்றவன் ஒருவன் இன்னொரு ஊரிலுள்ள பொடியனுக்குக் குடி உண்டா என்று கேட்டால் அதற்கு ஒரேயொரு காரணம்தான் இருக்க முடியும். இது அண்ணைக்குத் தெரியும், அண்ணையின் மனைவிக்குத் தெரியும், பாரிஸுக்குத் தெரியும். எனக்கு மட்டும் அந்த நேரம் தெரியாமல் போனது.

மகளுக்கும் போய்விட்டது. லண்டனிலுள்ள மச்சாள் ஒருத்தி, தலைக்கவசம் போட்ட கட்டையனின் படத்தை அனுப்பி வாழ்த்துச் சொல்லியிருந்தாளாம். மகளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது: “அப்பா, விசாரிச்சீங்களோ?”

பொய் சொல்ல முடியவில்லை. “ஓம், ஆனா” என்று தொடங்கி ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. என் விளக்கத்தை நானே திரும்ப வாசித்துப் பார்த்தேன். ‘அணிக்காகத்தான் விசாரித்தேன்’ என்று ஒரு தகப்பன் எழுதினால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ஞாயிறு வந்தது. போனை மேசையில் வைத்துவிட்டு முன்னால் இருந்தேன். சத்தம் போதாதோ என்று கூட்டினேன். மனைவி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போவது எங்கள் வீட்டில் அபூர்வம். தேத்தண்ணி ஆறியது. போன் அடிக்கவில்லை.

“போனில விளங்கப்படுத்தேலாது,” என்று பின்னேரம் மனைவி சொன்னாள். “நேர போங்கோ. ரோல்ஸ் பொரிச்சுத் தாறன். உங்களை மன்னிக்காட்டியும் ரோல்ஸை வாங்குவாள்.”

அடுத்து வந்த சனிக்கிழமை, மடியில் ரோல்ஸ் பெட்டியோடு நாட்டின் மறுமுனைக்கு ரயிலில் போய், அங்கிருந்து யூபான் என்கிற சுரங்க ரயிலில் கார்ஹிங்கில் இறங்கினேன். சனிக்கிழமைகளில் அவள் மைதானத்தில்தான் நிற்பாள் என்று தெரியும். கம்பி வேலிக்கு அருகே நின்று தேடினேன். ஓடுகிறவர்களுக்குள் இல்லை. பந்து பிடிக்கிறவர்களுக்குள் இல்லை. நடுவில், எல்லோரையும் விடக் கட்டையாக ஒரு பெண் நின்று, கையைக் காட்டிக் கட்டளையிட்டுக்கொண்டிருந்தாள். பந்து அவள் கைக்குத்தான் முதலில் போனது. இரண்டு பேர் அவளை நோக்கிப் பாய்ந்தார்கள். அவள் பதறவில்லை. ஒருவரும் இல்லாத ஒரு மூலையைப் பார்த்து எறிந்தாள். பந்து போய்ச் சேரும்போது அந்த மூலையில் ஒரு பொடியன் நின்றான்.

என் மகள் குவாட்டர்பேக். இத்தனை ஞாயிறு கதைத்தும், நீ எந்த இடத்தில் விளையாடுகிறாய் என்று நான் ஒருதரம்கூடக் கேட்கவில்லை. கட்டடக்கலை தொடங்கி, பௌதிகத்துக்கு மாறி, அதிலிருந்து கணினிக்குப் போனவளிடம்தான், நின்ற இடத்தில் நிற்கத் தெரியாதவனை நம்பேலாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். உயரத்தைப் பற்றியும் பேசினேன். அவளுடைய உயரம் என்னிடமிருந்து வந்தது.

இதை யோசித்துக்கொண்டு நிற்கையில், யாரோ தவறவிட்ட பந்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது. “எறியுங்கள்!” என்று ஜெர்மனில் கத்தினார்கள். நெட்டையனின் கையில் குறை கண்டுபிடித்தவர்களோடு மாதக்கணக்காக வாதாடியவன் அல்லவா நான். ரோல்ஸ் பெட்டியைக் கீழே வைத்து, வலது காலைப் பின்னால் ஊன்றி, முழுப் பலத்தோடு எறிந்தேன். பந்து எனக்குப் பக்கவாட்டில் போய், வேலியோரம் நின்ற ஒரு சைக்கிளின் கூடைக்குள் விழுந்தது. மைதானமே கைதட்டியது. அந்தச் சத்தத்தில்தான் மகள் திரும்பிப் பார்த்தாள். ஓடிவந்தாள்.

“அப்பா? என்ன நடந்தது? அம்மாவுக்கு ஏதுமோ?”

“ஒண்டுமில்லை. ரோல்ஸ் கொண்டந்தனான்.”

அவள் முகம் உடனே இறுகியது. நான் புல்லில் உட்கார்ந்து, அண்ணையோடு கதைத்ததை ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னேன். கீழே பார்த்துக்கொண்டு கேட்டாள். ‘தோள் போனா எல்லாம் போச்சு’ என்ற இடத்தில் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்துவிட்டேன். சிரித்துச் சிரித்துப் புல்லில் சாய்ந்தாள்.

“அப்பா, எக்ட், உண்மையா, ஆரும் இப்பிடிச் செய்வினமே?”

“நான் செய்வன். நீ சொன்னதுதான் சரி பிள்ளை. கட்டையனைத்தான் எடுக்க வேணும்.”

“என்னைச் சமாளிக்கச் சொல்லாதேங்கோ.”

“சமாளிக்கத்தான் ரோல்ஸ் கொண்டந்தனான். இது நீ இப்ப எறிஞ்சதைப் பாத்திட்டுச் சொல்லுறன்.”

அவள் ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தாள். பிறகு, “நாளைக்கு ஞாயிறு, போன் எடுக்கிறன்,” என்றாள்.

எங்கள் அணி கடைசியில் இரண்டு பேரையும் எடுக்கவில்லை என்பது பிறகு நடந்தது. முன்னுக்கு நின்று இடிக்கிற ஒரு தடியனை எடுத்தார்கள். அதைப் பற்றி நாங்கள் இன்னும் சண்டை பிடிக்கிறோம்.

அன்று பின்னேரம் என்னை யூபானுக்கு ஏற்றிவிட வந்தாள். கூடவே, மூலையில் நின்று பந்தைப் பிடித்த அந்த நெடிய பொடியனும் வந்தான். ரோல்ஸ் பெட்டியை அவன்தான் வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தான். ஸ்டேஷன் வாசலில் எனக்குக் கை தந்து, மரியாதையாகத் தலையைக் குனிந்து விடைபெற்றான். நானும் மகளும் மேடைக்கு இறங்கினோம். வாயை மூடிக்கொண்டு போ என்று என் புத்தி எனக்குச் சொன்னது. உண்மையாகவே சொன்னது, எனக்குக் கேட்டது. இருந்தாலும், தூரத்தில் வெளிச்சம் தெரியத் தொடங்கியதும் என் வாய் தானாகத் திறந்தது.

“பிள்ளை, சும்மாதான் கேக்கிறன், அந்தப் பந்து பிடிச்ச நெட்டையன் எந்த ஊர்? தகப்பன் என்ன செய்யிறார்?”

“ரெயின் வந்திட்டுது, ஏறுங்கோ அப்பா.”