நீலய்யாவுக்குப் பின் இங்கரம்மாவும்

போன வாரம் கும்பகோணம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் இருந்தேன். எங்கள் போதகர் வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வராமல் நின்ற விதத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. "சாரதா சிஸ்டர், டென்மார்க்குல இங்கரம்மா தவறிட்டாங்க. அடக்கமும் முடிஞ்சிடுச்சாம்" என்றார். என் முன்னால் ஒரு பெரியவர் பாதிக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மீதிக் கட்டையும் போட்டு அவரை அனுப்பிவிட்டுத்தான் அழுதேன்.

இங்கரம்மாவின் கணவர் நீலய்யா போன வருஷமே போய்விட்டார். வலங்கைமானை அடுத்த நம் ஊரில் அவர்களிடம் மருந்து வாங்கியவர்களும், இங்கரம்மாவின் கையில் பிறந்தவர்களும் இன்னும் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அவர்களைத் தெய்வமாக்க எனக்கு மனமில்லை. நம் ஊர் அவர்களுக்குச் செய்ததை மூடி மறைக்கவும் முடியவில்லை.

பேரன் பேத்தி எடுத்த பிறகுதான் மிஷன் அவர்களை இங்கே அனுப்பியது. நீலய்யாவின் சொந்தப் பெயர் நீல்ஸ். பண்ணைக் கூலிகள் குடியிருந்த கீழத்தெருவில் அதை நீலய்யா ஆக்கிவிட்டார்கள். சொந்த ஊரில் எஞ்சின் பழுதுபார்த்தவர். அம்மா பிரசவம் பார்க்கும் நர்ஸ். அவர்களுடைய சின்ன மருந்தகத்தில் நானும் நர்சாகச் சேர்ந்தேன். இருவரும் தமிழைக் கற்றது கீழத்தெருவில். ஒருமுறை, ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த மிராசுதாரின் மனைவி, "என்னங்கம்மா, நம்ம பண்ணையாளுங்க மாதிரியே பேசுறீங்க" என்று சிரித்தார். "அவங்கதாங்க எனக்குப் பேசக் கத்துக் குடுத்தாங்க. நீங்க கூப்பிட்டு உட்கார வச்சா உங்க பேச்சும் வரும்" என்றார் அம்மா. அந்த வீட்டில் அதன் பிறகு அவருக்குக் காபி கொடுக்கவில்லை.

அம்மாவின் உயிர்த்தோழி கீழத்தெருக் குப்பம்மாள். நடவு இல்லாத மத்தியானங்களில் மருந்தகத்தின் பின்பக்கம் வந்துவிடுவாள். வெள்ளை முடியை விரித்துப் போட்டு அம்மா முன்னால் உட்காருவார். குப்பம்மாள் பேன் பார்ப்பாள். ஒரு பேன்கூட இருக்காது. "இருக்கு, அசையாம இரு" என்று அதட்டுவாள். ஊரில் அம்மாவை 'நீ' என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். இரண்டு பேரும் வெற்றிலை போட்டுக்கொண்டு, இருவரின் மருமகள்களையும் பற்றிப் பேசித் தீர்ப்பார்கள்.

குப்பம்மாளின் கணவன் சாமிக்கண்ணு, எஞ்சின் வேலையில் நீலய்யாவுக்குக் கையாள். மிராசுதாரின் பம்பு செட்டு நின்றுபோனால் இருவரும் போவார்கள். வேலை முடிந்ததும் நீலய்யாவுக்குக் கூடத்தில் இலை விழும். சாமிக்கண்ணுவுக்கு மாட்டுக் கொட்டகையில். அம்மா இதற்காக நீலய்யாவோடு சண்டை போடுவார். "மிராசுதார் என் நண்பர், இங்கர். உள்ளே இருந்து பேசினாத்தான் மாத்த முடியும்" என்பார் நீலய்யா. "சோறு போட்டா நண்பரா? உங்களுக்கு வயசாச்சு, புத்தி வரல" என்பார் அம்மா. நீலய்யாவின் கணக்கு தப்பு என்று எனக்கும் அப்போதே தோன்றியது. ஆனால் அவர் வஞ்சகம் அறியாத மனிதர்.

அவர்கள் இங்கே இருந்த கடைசி வருஷம், குறுவை அறுவடையில் கூலித் தகராறு வந்தது. ஆட்சி மாறியிருந்த காலம். மேடைக்கு மேடை உழவன், ஏழை என்று பேசினார்கள். மிராசுதாரும் தோளில் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு அந்த மேடைகளில் உட்கார்ந்தார். கீழத்தெரு ஆட்கள் கொஞ்சம் நெல் கூடக் கேட்டதும் வெளியூரிலிருந்து ஆள் இறக்கினார். தடுக்கப் போனவர்களை அடித்தார்கள். சாமிக்கண்ணுவின் மண்டை பிளந்துவிட்டது.

மற்றவர்களுக்குத் தையல் போட அம்மா மருந்தகத்தில் இருந்துவிட்டார். நீலய்யா ஜீப்பை எடுத்தார். சாமிக்கண்ணுவின் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். காலைப் பிடித்துக்கொண்டு குப்பம்மாள். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வாய்க்கால் பாலம் ஒன்றுதான் வழி. பாலத்தின் குறுக்கே கதிர்க்கட்டு ஏற்றிய வண்டி நின்றது. மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் மிராசுதார் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

நீலய்யா இறங்கி ஓடினார். "வண்டிய எடுங்க. சாமிக்கண்ணு செத்துப்போயிடுவான்."

"மாடு களத்துக்குப் போயிருக்குங்க ஐயா. வந்ததும் எடுத்துடலாம். வெயில்ல நிக்காதீங்க, வீட்டுல போய் ஒரு வாய் மோர் சாப்பிடுங்க."

குரலில் கோபமே இல்லை. விருந்தாளியிடம் பேசுகிற குரல். நீலய்யா வண்டிக்குத் தோள் கொடுத்துத் தள்ளினார். அது அசையவில்லை. கரையில் ஒரு கூட்டமே நின்றது. எல்லோரும் அம்மாவிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், அவரிடம் பம்பு சரிசெய்துகொண்டவர்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. நானும் கத்திப் பார்த்தேன். என் மடியில் சாமிக்கண்ணுவின் மூச்சு இழுத்தது, பிறகு நின்றது. குப்பம்மாள் அலறிய பிறகுதான் மாடு வந்தது. "இப்ப நீங்க போலாங்க ஐயா" என்றார் மிராசுதார்.

இதைவிடக் கொடியது பின்னால் வந்தது. நீலய்யா ஓட்டிய ஜீப் மோதித்தான் சாமிக்கண்ணு செத்தான் என்று போலீஸார் வழக்கு எழுதினார்கள். வலங்கைமானில் விசாரணை நடந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன். "நீங்க அவங்க சம்பளம் வாங்குறவங்கதானே" என்று அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அடுத்த ஆள் குப்பம்மாள். அவள் பெரிய மகனைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் குடிசை நின்றது மிராசுதாரின் மனையில். தரையைப் பார்த்துக்கொண்டு, "ஜீப்புதான் மோதிச்சிங்க" என்றாள். மறுபடி சொல்லச் சொன்னார்கள். மறுபடியும் சொன்னாள்.

நாட்டைவிட்டுப் போய்விட்டால் வழக்கை நடத்த மாட்டோம் என்று மேலிடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். போனார்கள். புறப்படும் நாளில் அம்மா குப்பம்மாள் வீட்டு வாசலுக்குப் போனார். கூடவே நானும் போனேன். படல் சாத்தியிருந்தது. "பையன் வந்துட்டானா?" என்று மட்டும் அம்மா கேட்டார். உள்ளேயிருந்து, "வந்துட்டான், போ" என்று பதில் வந்தது. அவ்வளவுதான் பேச்சு.

படிப்புக்காக ஐரோப்பா போன போதகர் அவர்களைப் போய்ப் பார்த்தார். நீலய்யாவுக்கு நினைவு தப்பியிருந்தது. மனைவியைத் தெரியவில்லை, பிள்ளைகளைத் தெரியவில்லை. முதியோர் இல்லத்துக் கட்டிலில் கிடந்து, "வண்டிய எடுங்க" என்று தமிழில் கெஞ்சிக்கொண்டே இருந்தாராம். அங்கிருந்த நர்சுகளுக்கு அது விளங்கவில்லை. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்களாம். பக்கத்தில் உட்கார்ந்து "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பாராம். அவர் நம்பவேயில்லையாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை குப்பம்மாளிடம் போய்ச் செய்தியைச் சொன்னேன். வயலில் களை பறித்துக்கொண்டிருந்தவள் கரையேறி வந்தாள். "என்னப் பத்தி ஏதும் சொல்லிச்சா?" என்று கேட்டாள். போதகரிடம் இதை நானே கேட்டிருந்தேன். அம்மா குப்பம்மாள் பெயரையே எடுக்கவில்லை என்றார். பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல" என்றேன். "சொல்லாது. அதான் சரி" என்றாள். திரும்பி வயலில் இறங்கிவிட்டாள்.

இரங்கல் கூட்டத்தில் அம்மா எல்லோரையும் மன்னித்தார் என்று யாராவது பேசுவார்கள். அது உண்மையில்லை. விசாரணை முடிந்து ஊர் திரும்பியதும், சாமிக்கண்ணுவை அடித்த ஆட்களில் ஒருவன் அரிவாள் வெட்டோடு மருந்தகத்துக்கு வந்தான். அம்மா அவனுக்குத் தையல் போட்டார். அவன் போன பிறகு, "எப்படிம்மா உங்களால மன்னிக்க முடியுது?" என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "யார் மன்னிச்சா? அவனப் பாத்தா எனக்கு வயிறு எரியுது. கோபத்தோடயே தையல் போடலாம் சாரதா. கை சுத்தமா இருந்தாப் போதும்."

அவர்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பேச்சும் அந்தக் கோபமும்தான். நம் ஊர்க்காரர்கள் இன்றும் என்னிடம் காயத்தோடு வருகிறார்கள். அன்று கரையில் நின்ற முகங்களும் அதில் உண்டு. கையைக் கழுவிக்கொண்டு கட்டுப் போட்டு அனுப்புகிறேன். ஒரு முகத்தையும் மறக்கவில்லை.