களத்தில் நின்ற ஜீப்

இப்போதெல்லாம் மார்கழி பிறந்தால் மதுரைப் பக்கத்து இளைஞர்கள் காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மயிலாடும்பாறை தாண்டி எங்கள் ஊர்வரை வருகிறார்கள். பருத்த டயர் போட்ட சைக்கிள்கள். மழை பெய்து ஊறிக் கிடக்கும் மலையடிவாரப் பாதையில், முதுகு வரை சேறு தெறிக்க ஓட்டுவது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. போன வாரம் ஒரு பையன் என் வாசலில் நின்று, "அம்மா, காரை எங்க விட்டா பாதைக்குப் பக்கமா இருக்கும்?" என்று கேட்டான். புளியந்தோப்பைக் காட்டினேன். "அங்க ஒரே சகதியா இருக்கே. அந்தக் கல்லுக் களம் சுத்தமா இருக்கு, அங்க விடலாமா?" என்றான். "அங்கன விடாத" என்றேன். என் குரலைக் கேட்டு அவன் ஓரடி பின்வாங்கினான். அந்தப் பிள்ளைமேல் எனக்கு என்ன கோபம்? அந்தக் களத்தைச் சுத்தம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

போடி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள் நான். இந்த ஊரில் குடிவந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். நர்ஸ் படிப்பை முடித்து, எழுபதுகளில் இந்தப் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வாரம் ஒருமுறை டாக்டரோடு ஜீப்பில் இந்த ஊருக்கு வருவோம். ஜீப்பின் பின்னால் என் சைக்கிளைக் கயிறு போட்டுக் கட்டியிருப்போம். ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்கு மேல் ஜீப் ஏறாது. டாக்டர் ஜீப்பருகே மேஜை போட்டு நோயாளிகளைப் பார்ப்பார். நான் சைக்கிளில் மலையடிவாரக் குடிசைகளுக்குப் போய்க் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்த்துவிட்டு வருவேன். ஆகவே ஜீப் எங்கே நிற்கிறதோ, அன்றைக்கு அதுதான் ஆஸ்பத்திரி.

ஜீப்பை நிறுத்த இரண்டு இடம் இருந்தது. ஒன்று புளியந்தோப்பு. அடியில் சரளை என்பதால் சக்கரம் புதையாது. காலனிக்காரர்களும் மலையடிவாரத்து ஆட்களும் இறங்கி வரும் பாதை அங்கேதான் வந்து சேரும். ஆனால் மேலே கணுக்கால் வரை சேறு. இன்னொன்று ஊர்ப் பெரியதனக்காரரின் கல் பாவிய களம். ஒரு சொட்டுச் சேறு இருக்காது. பக்கத்திலேயே அவர் வீடு. வீட்டில் கோழிக்குழம்பு. காலனி ஆட்கள் அந்தக் களத்தில் கால் வைக்கக் கூடாது என்பது ஊர் அறிந்த வழக்கம். டாக்டரும் அறிவார். அறிந்தேதான் ஒவ்வொரு வாரமும் ஜீப்பைக் களத்துக்கு விடச் சொன்னார். வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். அதில் ஒரு பொட்டு மண் பட்டாலும் முகம் கோணிவிடும்.

களத்திலிருந்து நான் சைக்கிளில் போகவேண்டிய பாதை, அந்த வீட்டுக் குப்பைக்கிடங்கை ஒட்டிப் போனது. சாணி, அழுகிய வைக்கோல், ஊரே ஒதுங்கும் மறைவிடத்துக் கழிவு, எல்லாம் மழைத்தண்ணீரில் கரைந்து அந்தப் பாதையில்தான் இறங்கும். மட்கார்டுக்குள் அது அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றாது. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குச்சியால் நோண்டி எடுப்பேன். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நாற்றம் மறுநாள் வரை விரலில் இருக்கும். களத்தில் இருப்பவர்கள் கழித்ததெல்லாம், களத்தில் ஏறக் கூடாதவர்களின் பாதையில். அதை மிதித்து வந்தவர்களைத்தான் அவர்கள் அழுக்கு என்றார்கள்.

ஒரு கார்த்திகை மாதத்துப் பகல். தூறல் விடவில்லை. நான் குடிசைகளுக்குப் போய்த் திரும்பிக் களத்துக்கு வந்தபோது, காலனி ஆட்கள் நாலு பேர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு களத்தின் ஓரத்தில் சேற்றிலேயே நின்றிருந்தார்கள். கட்டிலில் ஒரு இளம் பெண். விடியற்காலம் பிரசவமாகியிருந்தது. குழந்தை நலம். தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. உதடு வெளுத்துப் போயிருந்தது. கயிற்றின் இடைவெளியில் ரத்தம் சொட்டிச் சேற்றில் கலந்துகொண்டிருந்தது.

"ஏன் இங்கனயே நிக்கிறீக? ஜீப் அந்தா நிக்குதுல்ல?" என்று கத்தினேன்.

களத்தில் குடை பிடித்து நின்ற, பெரியதனக்காரரின் காரியஸ்தர் பதில் சொன்னார். "களத்துல சோளம் காயப் போடணும்மா. இவங்கள மேற்கால சுத்திக்கிட்டு ரோட்டுக்குப் போகச் சொல்லுங்க."

மழையில் காயும் சோளம்! களம் கழுவிவிட்டதுபோல வெறுமையாக இருந்தது.

"பேசாம ஏறி வாங்க, நான் இருக்கேன்" என்றேன். கட்டிலின் முன்பக்கம் பிடித்திருந்தவன் அவள் கணவன். "வேணாம்மா. நீங்க சாயங்காலம் போயிருவீக. நாங்க நாளைக்கும் இங்கனதான் இருக்கணும்" என்றான்.

பெரியதனக்காரர் வீட்டுக்குள் ஓடினேன். டாக்டர் வாழை இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். சொன்னேன். எலும்பை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டார். "ஜீப்பைச் சேத்துல இறக்கினா மாட்டிக்கும் சிஸ்டர். அவங்களை ரோட்டுக்கு வரச் சொல்லுங்க. நான் கை கழுவிட்டு வந்துடறேன்." சொல்லிவிட்டு, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றும்படி இலையைக் காட்டினார். அந்த விரல்களில் எண்ணெய் வழிந்தது. குப்பைக்கிடங்குப் பாதையில்கூட நான் அவ்வளவு அருவருத்ததில்லை.

வெளியே வந்தேன். டிரைவர் பீடியைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். பிள்ளைகுட்டிக்காரர். நான் ஒன்றும் கேட்கவில்லை. "டாக்டரு என்ன சொன்னாக?" என்றார்.

"சாப்பிடுறாக."

அவ்வளவுதான். ஜீப்பைக் களத்திலிருந்து நேரே சேற்றில் இறக்கினார். வண்டி வழுக்கிக்கொண்டு போய் வேலியில் இடித்து, உறுமி, எப்படியோ கட்டில் பக்கம் போய் நின்றது. அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்தோம். என் மடியில் தலை. தேனி வரும்வரை அவள் வயிற்றை அழுத்திப் பிடித்தபடியே இருந்தேன். "கண்ண மூடாத ஆத்தா, கண்ண மூடாத" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் பிழைத்தாள்.

பஸ் ரோட்டுக்கும் குறுக்குவழி அதுதான் என்பதால், டாக்டர் அன்று குப்பைக்கிடங்குப் பாதை வழியாகவே நடந்துபோய் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. மறுநாள் சுகாதார நிலையத்துக்கு வந்தார். அந்தப் பெண் இருக்கிறாளா, போய்விட்டாளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜீப் சீட்டை முகர்ந்து பார்த்து, "பினாயில் போட்டுக் கழுவு. நாறுது" என்றார். மறுபடி மறுபடி கழுவச் சொன்னார். கழுவிய டிரைவருக்குச் சில வாரத்தில் மாற்றல் உத்தரவு வந்தது. சொந்த ஊரை விட்டு வெகுதூரம். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "போய்ட்டு வாறேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நான் புளியந்தோப்பிலேயே இறங்கிக்கொள்ள ஆரம்பித்தேன். சைக்கிளை மரத்தில் சாய்த்து, அங்கேயே மருந்துப் பெட்டியைத் திறந்துவைத்து உட்கார்ந்தேன். ஜனங்கள் வந்தார்கள். ஜீப் வழக்கம்போலக் களத்தில் நின்றது.

எண்பதுகளின் கடைசியில் டாக்டர் ஓய்வு பெற்றார். தேனியில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா. மேடையில் அவரே மைக்கைப் பிடித்து, மழைநாளில் ரத்தம் ஒழுகக் கிடந்த ஏழைப் பெண்ணைத் தன் ஜீப்பில் ஏற்றி, சேற்றிலும் சகதியிலும் ஓட்டிக் காப்பாற்றிய கதையைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. கைதட்டல் அடங்கியதும் என்னைக் கைகாட்டி, "இந்த சிஸ்டர்தான் சாட்சி, கேளுங்க" என்றார். யாரோ என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள்.

"ஜீப்பை ஓட்டினது டிரைவர். டாக்டர் அப்ப சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக" என்றேன்.

சபையில் சிலர் சிரித்தார்கள், நான் வேடிக்கையாகச் சொன்னேன் என்று நினைத்து.