நான் அடித்த சொல்

கன்னட நாட்டின் தலைநகரில், சிவாஜிநகர்ப் பேருந்து நிலையத்திற்குப் பின்புறம், துணிக்கடைகளும் இறைச்சிக்கடைகளும் முடிகிற தெருவில், தேவாலயத்திற்குச் சொந்தமான கட்டடமொன்றின் மாடியில் அகதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் மையம் இருக்கிறது. கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு சில ஆண்டுகள் வாரத்தில் இரண்டு நாள் அங்கே எழுத்து வேலை செய்துவந்தேன். இலங்கையிலிருந்து வந்தவர்கள் தாம் பட்டதைச் சொல்வார்கள். நான் அதைத் தமிழில் வாக்குமூலமாக எழுதுவேன். வேறொருவர் ஆங்கிலத்தில் பெயர்ப்பார். அந்த ஆங்கிலப் படி கடல் கடந்து போகும். சொன்னவரின் முகத்தையே பார்த்திராத அதிகாரி ஒருவர் அதைப் படித்து, அவரைத் தம் நாட்டுக்குள் விடலாமா கூடாதா என்று முடிவு செய்வார். ஒவ்வொரு வாக்குமூலத்தின் அடியிலும் ‘சொன்னவர் சொன்னவாறே எழுதிப் படித்துக் காட்டப்பட்டது’ என்றொரு வரி உண்டு. அதன்கீழ் நான் கையொப்பமிடுவேன்.

அந்த வரி பொய் என்பது எனக்கு வெகுநாள் தெரியவில்லை.

ஜோகுபாளையத்தில் ஒற்றை அறையில் குடியிருந்த பெண்மணி ஒருவர் வந்தார். பள்ளிக்கூடமொன்றின் சமையற்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். வன்னியில் போரின் கடைசி மாதங்களைக் கண்டவர். போர் முடிந்தபின் கணவர் படகேறிப் போய், குளிர்நாடு ஒன்றில் அடைக்கலம் பெற்றிருந்தார். மனைவியை அழைத்துக்கொள்ள அந்நாட்டு விதி இடங்கொடுத்தது. ஆனால், ஆயுதம் ஏந்திய இயக்கம் ஆண்ட நிலத்தில் வாழ்ந்த எவரும் ஒரு கேள்வியைத் தாண்டியாக வேண்டும்: அந்த இயக்கத்திற்கு எவ்வகையிலேனும் உதவினீரா? சோறு கொடுத்தது உதவியாகலாம். வண்டியில் மூட்டை ஏற்றியதும் உதவியாகலாம். கொடியவர்களைத் தடுப்பதற்காக எழுதிய விதிதான், அதில் பிழையில்லை. கையில் துப்பாக்கி வைத்திருந்தவனையும் அவன் கேட்டபோது மறுக்க முடியாமல் அரிசி அளந்து கொடுத்தவளையும் அது ஒரே வாசலில் நிறுத்தி வைத்தது.

அவர் சொல்லச் சொல்ல நான் குறிப்பேட்டில் எழுதினேன். ஒலிப்பதிவு கூடாது என்பது மையத்தின் விதி.

“ஷெல் அடிக்கத் தொடங்கின உடனை ஊரிலை எல்லாரும் பங்கர் வெட்டினனாங்கள் சேர். சாக்குக்கு எங்கை போறது? என்ர கூறைச்சீலையைத்தான் வெட்டி, பையாத் தைச்சு, மண் நிரப்பி மேலை அடுக்கினனான். இருந்திருந்தா அதைக் கட்டிக்கொண்டு போய் என்ர மனுசனுக்கு முன்னாலை நிண்டிருப்பன்” என்று சிரித்தார்.

‘பங்கர்’ என்று எழுதிய என் கையே அதை அடித்து, மேலே ‘பதுங்குகுழி’ என்று எழுதியது. நல்ல தமிழ்ச் சொல். அவர் ஊரிலும் வழங்குவது. கூறைச்சீலையை நான் எழுதவே இல்லை. சட்டத்திற்கான ஆவணத்தில் திருமணப் புடவைக்கு என்ன வேலை என்று கருதினேன். செம்மைப்படுத்திய படியில், ‘குண்டுவீச்சு தொடங்கியதும் ஊரார் அனைவரும் பதுங்குகுழிகள் அகழ்ந்தோம்’ என்று அந்த வாக்கியம் அமைந்தது. படித்துக் காட்டினேன்.

“வடிவான தமிழ் சேர். ரேடியோவிலை செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றார்.

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

சில மாதங்கள் கழிந்து ஒரு சனிக்கிழமை, மாடிப்படி ஏறும்போதே மையத்தின் வழக்கறிஞர் என்னை மறித்தார். நகரின் அடுகோடிப் பகுதியில் மூன்று தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண்.

“சார், மொதல்ல உக்காருங்க. லெட்டர் வந்திருக்கு. நல்ல லெட்டர் இல்ல.”

அந்தப் பெண்மணியின் விண்ணப்பத்துக்கு வந்த கடிதம் சுருக்கமாக இருந்தது. விண்ணப்பித்தவர், எதிரியைப் பதுங்கியிருந்து தாக்குவதற்கான குழிகளைத் தோண்டியதாகத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். எனவே அவரை அனுமதிக்க இயலாத நிலை இருக்கிறது. ஒரு மாதத்திற்குள் விளக்கம் தரலாம் என்றிருந்தது. விளக்கம் ஏற்கப்படாவிட்டால் அந்நாட்டின் வாசல் அவருக்கு மூடிவிடும். மறுபடி விண்ணப்பிக்க வழியில்லை.

மொழிபெயர்த்தவர் மேசைக்கு அப்பால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். கணினி நிறுவனமொன்றில் வேலை செய்துகொண்டு, சனிக்கிழமைகளில் ஊதியமின்றி இங்கே வருபவர்.

“பதுங்கறதுன்னா, சினிமால போலீஸ் ஒளிஞ்சிருந்து திருடனப் பிடிப்பாங்களே, அதுதானே சார்? நான் ஸ்கூல்ல கன்னடம்தான் எடுத்தேன். டவுட்டு வந்துச்சு. உங்ககிட்ட கேட்டா திட்டுவீங்கன்னு கேக்கல.”

திட்டியிருப்பேன். முந்தைய மாதம்தான் ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் அவருக்கு இலக்கணம் சொல்லியிருந்தேன்.

வழக்கறிஞர் தமிழ்ப் படியைப் புரட்டிவிட்டு, “அந்தம்மா எக்ஸாக்டா என்ன சொன்னாங்க சார்? இதே வார்த்தையா?” என்றார்.

“பங்கர் என்றார்.”

“ஐயோ தேவரே! அது இங்கிலீஷ் வார்த்தைதானே சார்! சும்னே அப்படியே எழுதியிருந்தா இவர் கண்ண மூடிக்கிட்டு அப்படியே போட்டிருப்பாரு. இங்கிலீஷத் தமிழாக்கி, அதை இவர் திரும்ப இங்கிலீஷாக்கி…” பதறும்போது கன்னடம் கலந்து பேசுகிறவர், முடிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் தம்மையறியாமல் சிரித்துவிட்டு, உடனே வாயை மூடிக்கொண்டார்.

விளக்கம் எழுதுவது எளிது. அதை நம்பவைப்பதுதான் அரிது. மறுக்கப்படும் நிலை வந்தபின் ஒருவர் தம் வாக்குமூலத்தைத் திருத்தினால், அவர் கதையை மாற்றுகிறார் என்றே அலுவலகங்கள் கொள்ளும். அவர் முதலிலேயே ‘பங்கர்’ என்றுதான் சொன்னார் என்பதற்குச் சான்று வேண்டும்.

குறிப்பேட்டைத் தேடி எடுத்தோம். ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டுப் படிக்கக் கற்றவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: நீக்கும் சொல்லைக் கிறுக்கி மறைக்காமல், பின்னால் வருபவர் படிக்கும்படி ஒற்றைக்கோட்டால் அடிப்போம். ‘பங்கர்’ அந்தக் கோட்டின்கீழ் முழுதாக இருந்தது.

“இது போதும் சார்” என்ற வழக்கறிஞர், குறிப்பேட்டை மூடி வைத்தார். பிறகு, “ஆனா ஒண்ணு. இதைக் கொடுத்தா, சொன்னவாறே எழுதலன்னு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். இனிமே நீங்க இங்க எழுத முடியாது. நீங்க எழுதின மத்த ஃபைலையும் கேப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

மற்றவர்களின் பெயரால் என் தயக்கத்திற்கு நியாயம் தேடினேன். ஒருவரைக் காப்பாற்றப் போய்ப் பலரைச் சந்தேகத்திற்கு ஆளாக்குவதா என்று எனக்குள் வழக்காடினேன். உண்மையில், அந்த மேசையை இழக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பலரின் தாள்களிலும் இத்தகைய சொற்கள் இருக்கக்கூடும். மறைத்து வைப்பதனால் அவை சரியாகிவிடப் போவதில்லை. அன்று மாலையே ஜோகுபாளையத்திற்குச் சென்றேன். வேறு யாராவது சொல்லி அந்தப் பெண்மணி அறிந்துகொள்வது முறையன்று.

கதவருகே நாற்காலி போட்டுத் தேநீர் கொடுத்தார். நடந்ததை முழுவதும் சொன்னேன்.

“அப்ப நான் சொன்னது ஒண்டு, நீங்கள் எழுதினது ஒண்டு.”

“ஆமாம்.”

“பதுங்குகுழி எண்டா எங்களுக்கு விளங்கும் சேர். அதிலை நான் பிழை சொல்லேல்லை. சீலையை ஏன் விட்டனீங்கள்?”

“தேவையில்லை என்று நினைத்துவிட்டேன்.”

“சண்டை பிடிக்கிற ஆக்கள் கூறைச்சீலையிலையோ மூட்டை தைப்பினம்? அதை எழுதியிருந்தா, பங்கரோ குழியோ, எந்த மடையனுக்கும் விளங்கியிருக்கும்.”

குவளையை வாங்கிக் கழுவப் போனார். கழுவியபடியே, “எனக்கு ஐம்பது நெருங்குது. அந்தாளுக்கும் சுகமில்லை. இனியொருக்கா முதலிலை இருந்து தொடங்க எனக்குக் காலமில்லை, சேர்” என்றார்.

திங்கட்கிழமை உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். இன்ன சொல்லை நீக்கினேன், இன்னதை இட்டேன், இன்ன செய்தியை விட்டேன், அவருக்கு இதில் பங்கில்லை என்பதே அதன் சாரம். குறிப்பேட்டுப் பக்கத்தின் படமும் உடன் சென்றது. என் மற்றக் குறிப்பேடுகளை வழக்கறிஞரிடம் ஒப்படைத்தேன். முடிவாகாத விண்ணப்பக்காரர்களை மீண்டும் அழைத்து, மொழிபெயர்ப்பாளர் என் ஒற்றைக்கோடுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டார். பெரும்பாலானவை தீங்கற்றவை. தீங்கற்றவையா இல்லையா என்று முடிவு செய்யும் உரிமை எனக்கு இருந்ததில்லை என்பதை அப்போதுதான் கண்டேன்.

அதிகாரி கணினித் திரை வழியே அந்தப் பெண்மணியை விசாரித்தார். எனக்கு அறைக்குள் அனுமதியில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கீழே மீன்காரர் ஒருவர் தக்னி உருதுவிலும் தமிழிலும் மாறி மாறி விலை சொல்லிக்கொண்டிருந்தார். பின்னர் வழக்கறிஞர் சொன்னார்: குழியின் ஆழம், வாய் இருந்த திசை, உள்ளே எத்தனை பேர் என்றெல்லாம் கேட்ட அதிகாரி, கடைசியாகப் புடவையின் நிறத்தைக் கேட்டாராம். “அரக்கு. கரையிலை மாங்காய்” என்று இவர் சொன்னதும், அவர் ஏதோ எழுதிக்கொண்டாராம்.

தடை நீங்கியது. ஆனாலும் உடனே போக முடியவில்லை. உலகின் வேறு மூலைகளில் புதிய போர்கள் மூண்டிருந்தன. வந்து கதவைத் தட்டுவோர் பெருக, அந்நாடு ஏற்கும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டது. உதவிப் பணம் சுருங்கி, எங்கள் மையத்தின் இரண்டு அறைகள் ஒன்றாயின. முதல் கடிதத்திலேயே ஒப்புதல் வந்திருந்தால் அவர் அந்தக் குறைப்புக்கு முன்பே போயிருப்பார். இழந்த அந்தக் காலம் என் கணக்கில்தான் நிற்கிறது. ஓராண்டுக்கும் மேலாக அவர் பள்ளிக்கூடத்தில் சோறு வடித்தபடி காத்திருந்தார். பிறகு பயணச்சீட்டு வந்தது.

மையத்தில் இப்போது நான் எழுதுவதில்லை. வருகிறவர்களுக்கு விண்ணப்பப் படிவங்களின் வரிசையைக் காட்டுகிறேன்; அஞ்சல்தலை ஒட்டுகிறேன். மொழிபெயர்ப்பாளர் நேரே அவர்கள் பேச்சிலிருந்தே ஆங்கிலத்திற்குப் போகிறார். ஐயம் வந்தால் என்னைக் கேட்கிறார். கேட்டதற்கு மட்டும் விடை சொல்கிறேன்.

சென்ற மாதம் அந்தப் பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். பின்னணியில் ஓர் ஆணின் இருமல் கேட்டது.

“வீட்டுக்குக் கீழை மண்ணுக்குள்ளை ஒரு அறை இருக்கு சேர். இவர் பேஸ்மெண்ட் எண்டுறார். நான் பங்கர் எண்டுறன். ‘விசரி, சனத்துக்கு முன்னாலை அப்பிடிச் சொல்லாதை’ எண்டு பேச்சு வாங்கிறன்.”

அதற்கு நிலவறை என்று ஒரு சொல் இருக்கிறது. நான் சொல்லவில்லை. அங்கே குளிர் எப்படி என்று கேட்டேன்.